சிங்கப்பூரில் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்க முடியுமா?

வைகைக்கரை:
வணக்கம். அடுத்த மாதம் மதுரையிலிருந்து தனியாக வருகிறேன், ஐந்து நாள். விசா வந்துவிட்டது. ஹோட்டல் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் விமான டிக்கெட்டைத் தாண்டுகிறது. பயணிகளுக்கு வீட்டில் இடம் தருபவர்களைத் தேடித் தரும் கவுச்சர்ஃபிங் தளம் மாதிரி ஏதாவது வழியில் யார் வீட்டிலாவது தங்கலாமா? ஈசூனில் ஒருவர் தன் ஹெச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையை ஓர் இரவுக்கு 40 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) தருகிறேன் என்கிறார். நம்பிப் போகலாமா?

தோ பாயோ அக்கா:
தம்பி, அந்த அறை வேண்டாம். வீவக வீட்டை, அதாவது நீங்கள் சொல்லும் ஹெச்டிபி வீட்டை, 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. கொண்டோ மாதிரி தனியார் வீடு என்றாலும் குறைந்தது 3 மாதம். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டால், ஊர் தெரியாத நீங்கள் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டிவரும்.

காசு வாங்காமல் விருந்தாளியாக வைத்துக்கொள்வது வேறு விஷயம். நாங்கள் அப்படித்தான் வெளியூர் ஆட்களை வரவேற்கிறோம். கவுச்சர்ஃபிங்கில் 2020 முதல் பல நாடுகளில் கட்டணம் வாங்குகிறார்கள். அதே மாதிரித் தளங்களான பிவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் இரண்டும் இலவசம், அங்கே எழுதிப் பாருங்கள். ஆனால் இங்கே வீடுகள் சின்னவை. எங்கள் வீட்டில் உங்களுக்குக் கிடைப்பது ஹாலில் ஒரு மெத்தை. என் மாமியார் விடியுமுன் எழுந்து விளக்கேற்றுவார், அந்த வெளிச்சம் நேராக உங்கள் முகத்தில் விழும். அதனால்தான் யாரை அழைக்கிறோம் என்பதில் நாங்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறோம். எல்லாருக்கும் அனுப்பிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தளத்தில் என்னைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு, என்ன பார்க்க வருகிறார், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று எழுதுபவருக்கு உடனே சரி சொல்வேன்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எங்கள் புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) துணியை மூங்கில் கழியில் கோத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழாயில் சொருகுவோம். ஈரத்துணியின் கனத்தோடு கழியைத் தூக்கத் தோளில் வலு வேண்டும். மறுநாளே அவள் மாமியார் கையிலிருந்து கழியை வாங்கித் தானே சொருகிவிட்டாள். அத்தைக்கு அவள் மேல் இன்றைக்கும் அவ்வளவு பிரியம். தங்க இடம் கொடுத்தவர்களுக்கு நாம் திருப்பிச் செய்யக்கூடியது இதுதான் தம்பி. வீட்டைப் பூட்டிவைத்த லாக்கர் மாதிரி நினைத்து, இரவு வந்து படுத்துக் காலையில் கிளம்பிவிடுபவர்கள் பயணிகள் தங்கும் ஹாஸ்டலுக்கே போகலாம்.

என்னைக் கேட்டால் இரண்டு இரவு யார் வீட்டிலாவது, மிச்சம் லிட்டில் இந்தியா பக்கம் ஹாஸ்டல் படுக்கை. ஐந்து நாளும் ஒரே வீட்டைக் கேட்டால் பலர் தயங்குவார்கள்.

சிராங்கூன் சாலை:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, சிங்கப்பூருக்குள் நுழைய வருகை அட்டையை இணையத்தில் நிரப்பும்போது தங்குமிட முகவரி கேட்பார்கள். வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், அரசு தளத்தில் இலவசம். விருந்தளிப்பவரிடம் புளோக் எண், வீட்டு எண், 6 இலக்க அஞ்சல் குறியீடு மூன்றையும் முன்பே வாங்கிவிடுங்கள். குடிநுழைவுச் சோதனையில் (இமிகிரேஷனில்) கேட்டால் தடுமாற வேண்டாம்.

சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிலையமே எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறி, ஜாலான் புசாரில் இறங்குங்கள். லிட்டில் இந்தியா நிலையமும் அதே பாதையில்தான், ஆனால் ரயில் மரினா பே பக்கம் பெரிய சுற்று போட்டுத்தான் அங்கே வரும். ஜாலான் புசாரிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் நடந்தே போய்விடலாம்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. ஈசூன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விருந்தளிப்பவர் வீட்டுக்கு என்ன கொண்டுவரலாம்?

தோ பாயோ அக்கா:
ஒரு சுங்குடித் துண்டு போதும், பெரிதாக எதுவும் வேண்டாம். சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் மூன்றும் பையில் இருக்கவே கூடாது. அப்புறம், கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும். அதைத் தவறவிடுவீர்கள் போலிருந்தால் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுங்கள், கதவு திறக்க யாராவது விழித்திருப்பார்கள்.