ஊரடங்கு நாளும் நரம்பு நோயும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பாம்பன் மகள்:
அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய். நடுக்கம், சின்னச் சின்ன எட்டு வைத்து நடப்பது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். படகுக்குப் போவதை விட்ட பிறகும் தினமும் விடிகாலை கரைக்கு நடந்து போய், வலை சரிபார்க்கிறவர்களோடு பேசிவிட்டு வருவார். 2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதோடு அது நின்றது. மூன்றே வாரத்தில் ஆளே வேறு மாதிரி ஆகிவிட்டார். ஒரு நாள் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் எழும்பவே இல்லை. "வெளிய போனா போலீஸ் அடிக்கும்மா" என்கிறார், நிற்பதோ வீட்டுக்குள்ளே. கோலமாவை எடுத்து முழத்துக்கு ஒரு கோடாகக் குறுக்கே இழுத்தேன். கோட்டைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்தார்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. மே மாதக் கடைசியில், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடலே வேண்டாம் என்று ஆகிவிட்டதோ என்று அன்று ராத்திரி அழுதேன்.

தொண்டிக்காரன்:
தம்பிக்கு வலிப்பு. மாத்திரை மதுரையிலிருந்து வர வேண்டும், பஸ் கிடையாது. எங்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்று இரண்டு வேளையை அவனாகவே ஒரு வேளையாக்கிவிட்டான். தூக்கமும் போனது, ராத்திரி முழுக்க போனில் சாவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு விடியலில் சத்தம் கேட்டு ஓடினால் தண்ணீர்ப் பானையடியில் வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறான். அப்புறம் பார்த்தால், தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் இன்னும் 9 மாத்திரை இருக்கிறது. தினமும் கண்ணெதிரே கிடந்த அட்டை, நான் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை?

கீழக்கரை:
பாம்பன் சகோதரி, நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. முகம் அசையாமல் போவது அந்த நோயின் குணம், அதை வைத்து மனசை அளக்காதீர்கள். எங்க உம்மாவுக்கும் அதேதான். குரல் வேறு சன்னமாகிவிட்டது, அதற்கு மேல் முகக்கவசம், போனில் டாக்டருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "நான் பேசுறது யாருக்கும் வேணாம்" என்று அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் சோர்வு தனியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். மூளையில் டோபமைன் போன்ற வேதிப்பொருள்கள் குறைவதால் மனச்சோர்வும் பதற்றமும் நோயோடு சேர்ந்தே வரலாம், வீட்டில் அடைபட்டதால் மட்டும் வந்தது என்று விட்டுவிடக் கூடாது. பதற்றம் கூடினால் நடுக்கமும் கூடும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள், மீன், முட்டையோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. நடையை நிறுத்தாதீர்கள், முற்றத்திலாவது நடக்கட்டும். தொண்டித் தம்பி, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று குறைத்தாலும் தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும், ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

பாம்பன் மகள்:
நீங்கள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது. அந்தச் செய்தி முடிந்ததும் டிவியை அணைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.