வளைகாப்புக்குத் தண்ணீர்

கீதா அக்கா: எல்லாரும் பாருங்க. சனி, ஞாயிறு குழாய்த் தண்ணீர் வராதாம். கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலையில் பராமரிப்பு வேலை. ஞாயிறு வளைகாப்பு, 100 பேர் சமையல்!

சுமதி அண்ணி: ஐயோ. வளையலே இன்னும் வாங்கவில்லை

சதீஷ்: சம்பில் எவ்வளவு இருக்கு?

கீதா அக்கா: பாதிதான். போர்வெல் தண்ணீர் உப்பு, பருப்பே வேகாது

ரவி சித்தப்பா: 2019இல் சென்னை ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, ஞாபகம் இருக்கா? மழையை நம்பாமல் வருவது இந்தக் கடல் தண்ணீர்தான், ஆனால் சும்மா வருவதில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதைப் பிரிக்க மோட்டார் போட்டுச் சவ்வு வழியே தள்ள வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் கரண்ட். நெம்மேலி முதல் ஆலை தினம் 10 கோடி லிட்டர், அதற்கே மூன்று நான்கு லட்சம் யூனிட் ஆகிறது, அந்தக் கரண்டுக்கு நிலக்கரியும் எரிகிறது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஒன்று, 4,276 கோடி ரூபாய்த் திட்டம். எடுக்கிற கடல் தண்ணீரில் பாதிகூடக் குடிநீராகாது, மீதி இரட்டிப்பு உப்போடு கடலுக்கே போகிறது

கோவளம் மாமா: யார் கடலுக்கு மாப்பிள்ளை?

கோவளம் மாமா: அந்த உப்புத் தண்ணீர் கனம், அடியில்தான் தங்கும். நண்டும் இறாலும் அடியில்தான் கிடக்கு. உறிஞ்சுற குழாயில் மீன் முட்டை, குஞ்சு எல்லாம் போகுது. ஆலைக்குப் பக்கத்துச் சூளேரிக்காட்டுக்குப்பத்தில் கரை அரிக்குதுன்னு எத்தனை வருஷமாச் சொல்றாங்க

கீதா அக்கா: அப்பா, இப்போ வேண்டாம்

கோவளம் மாமா: சதீஷ் அந்த ஆலைக்கு வேலைக்குப் போனபோதே சொன்னேன்

சதீஷ்: மாமா, மறுபடியுமா

சுமதி அண்ணி: பச்சை வளையலா சிவப்பா?

ரவி சித்தப்பா: மாமா சொல்வது நியாயம். கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தால் கரண்டும் குறைவு, கடலுக்கும் பாரம் இல்லை. ஏற்கெனவே கொடுக்கிறார்கள், இன்னும் நிறையக் கொடுக்கலாம்

சதீஷ்: அதுவரைக்கும் தென்சென்னை என்ன குடிக்கும் சித்தப்பா?

கீதா அக்கா: லாரி சொல்லிடவா?

கோவளம் மாமா: லாரிக்காரன் எந்த ஊர்க் கிணற்றை உறிஞ்சிட்டு வர்றான்னு கேளு

சுமதி அண்ணி: சிவப்பும் கலந்து வாங்கறேன்

அம்மா: சமையலுக்கு மட்டும் கேன் வாங்கலாம். கை கழுவ போர் தண்ணீர் போதும்

சதீஷ்: எத்தனை கேன்?

அம்மா: சமையல்காரரைக் கேட்டுச் சொல்றேன். அண்ணா, நீங்க சனிக்கிழமையே வந்துடுங்க