நிலாவில் தொலைந்துபோகும் பயிற்சியால் வேலையிடத்தில் ஒற்றுமை வருமா?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூர்ப் பக்கம் டிராக்டரும் நடவு இயந்திரமும் விற்று, சர்வீஸும் பார்க்கிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்ததிலிருந்து எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரத்தில் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு, மெக்கானிக்கிலிருந்து கணக்கு எழுதுகிறவர் வரை எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். நிலாவில் இறங்கவேண்டிய இடத்திலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி உங்கள் விண்கலம் விழுந்துவிட்டது, உடையாமல் தப்பியது 15 பொருள்தான், தாய்க்கலம் போய்ச் சேர எது முதலில் வேண்டும் எது கடைசி என்று வரிசைப்படுத்துங்கள் என்றார்கள். வரிசைப்படுத்தினோம். மார்க் வாசித்தார்கள், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஸ்டோருக்கும் சர்வீஸுக்கும் அதே உதிரிபாகத்துக்காக அதே சண்டை.

ஒற்றுமை என்பது சேர்ந்து வேலை செய்தால் வருவது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்துவிட்டுப் போனதும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாலையை மறித்துக் கிடந்த தென்னையை அறுத்துத் தள்ளியவர்கள் எந்த மண்டபத்தில் பயிற்சி எடுத்தார்கள்? வெளி மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்களே, அவர்களுக்கு யார் மார்க் போட்டது? இந்தப் பயிற்சியே வேண்டாம் என்பது என் கட்சி.

மேலவீதி:
அண்ணே, உங்களுக்கு நடந்தது பாதிப் பயிற்சி. மார்க் வாசித்ததோடு நிறுத்திவிட்டார்கள் என்றால் முக்கியமான பகுதியே நடக்கவில்லை.

நிலாப் பயிற்சி ஜே ஹால் என்ற அமெரிக்க உளவியலாளருடையது. குழுவாகப் பேசி முடிவெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கான கருவி அது. முதலில் ஒவ்வொருவரும் வாயைத் திறக்காமல் தனியாக வரிசை எழுத வேண்டும். அப்புறம் குழுவாகப் பேசி இன்னொரு வரிசை. கடைசியில் இரண்டையும் நாசா தந்த வரிசையோடு ஒப்பிட்டு, எத்தனை இடம் தள்ளியிருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பது. கூட்டுத்தொகை குறைந்தால் நல்லது. தனியாள் கணக்கையும் குழுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயமே தெரியும்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் இதை நடத்தியபோது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு நர்ஸ் பெண் தீப்பெட்டியை 15-வது இடத்தில் எழுதியிருந்தாள். நிலாவில் காற்றே இல்லையே, குச்சி எப்படி எரியும் என்று அவள் கணக்கு. குழுவில் மூத்த சிஸ்டர் ஒருவர் ‘இருட்டில் வெளிச்சம் வேண்டாமா’ என்று சொல்ல, எல்லோரும் தலையாட்டி அதை 4-வது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாசா வரிசையில் தீப்பெட்டி 15. அவளுக்குத் தள்ளல் பூஜ்யம், குழுவுக்கு 11. நடத்தியவர் தாளைத் தூக்கிக் காட்டி, இது யாருக்கு முன்னாடியே தெரியும் என்று கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். சிஸ்டர் திரும்பி, ‘நீ ஏம்மா சொல்லலை?’ என்றார். ‘ஒரு தடவை சொன்னேன் சிஸ்டர், நீங்க அதுக்குள்ள அடுத்த பொருளுக்குப் போயிட்டீங்க’ என்றாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நிலாவைப் பற்றிப் பேச்சே இல்லை. மருந்துச் சீட்டில் அளவு தப்பாகத் தெரிந்தால் யார் யாரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் பேசினோம். அந்தப் பேச்சுக்காக நான் எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் தருவேன்.

கடைமடை:
மேலவீதி அக்கா சொல்கிற சம்பவம் நல்ல சம்பவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்றது ஒரு விடைத்தாள். நாசா சொல்லிவிட்டது, அதனால் சிஸ்டர் ஒத்துக்கொண்டார். நாளைக்கு வார்டில் அவளுக்கும் சிஸ்டருக்கும் கருத்து வேறுபட்டால் உறையைப் பிரித்து எந்தத் தாளை எடுத்துக் காட்டுவாள்? வேலையிடத்தில் பாதிச் சண்டை சரியான விடை எது என்று யாருக்குமே தெரியாததால் வருகிறது. அதற்கு இந்தப் பயிற்சியில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, பொருளை வரிசைப்படுத்துவது வெறும் பேச்சு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் ஆற்றோடு போனபோது, பாய்கிற தண்ணீருக்கு நடுவே மூட்டை மூட்டையாக மணலும் பாறையும் போட்டு அடைத்தார்கள். அங்கே யாருடைய கருத்து சரி என்பது கொஞ்ச நேர வேலை. மூட்டை கட்டுகிறவன் வேகமும் தூக்குகிறவன் வேகமும் பொருந்துகிறதா, ஒருவன் களைத்தால் அடுத்தவன் கேட்காமலே தோள் கொடுக்கிறானா என்பதுதான் நாளெல்லாம் நடக்கிற வேலை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பழக முடியாது.

வெண்ணாற்றங்கரை:
கடைமடை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கட்டாயம் ஏதாவது நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நிலா எதற்கு? நம்ம ஊர்க் கதையை வையுங்கள். கொள்ளிடத்தில் முழுத் தண்ணீர் போகிறது, ராத்திரி ஒரு மணி, கரைக்கு இந்தப் பக்கம் ஊற்றுக் கண் திறந்து கலங்கலாகத் தண்ணீர் வருகிறது, கையில் இருப்பது சாக்கு, சவுக்குக் கழி, கயிறு, டார்ச், ஒரு டிராக்டர். யாரை எழுப்புவது, முதலில் எதைச் செய்வது? இதில் பேசினால் எங்கள் மெக்கானிக் பையனுக்கும் சொல்ல நாலு விஷயம் இருக்கும்.

மேலவீதி:
அங்கேதான் சிக்கல் அண்ணே. கரை உடைப்பு என்று வைத்தால், ஆற்றங்கரை ஊர்க்காரர் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் பேசுவது நியாயம், அவருக்குத் தெரியும். ஆனால் குழு எப்படி முடிவெடுக்கிறது என்பதை அதில் பார்க்க முடியாதே. நிலாவுக்கு உங்கள் முதலாளியும் போனதில்லை, டெலிவரிப் பையனும் போனதில்லை. அங்கே ஒருவர் குரல் ஓங்கினால், அது அவருடைய பதவி மட்டும்தான் என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இது டெல்டா. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் நம் அலுவலகங்களில் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். கஜாவில் கூரை போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் புயலையும் வெள்ளத்தையும் விளையாட்டாக வைத்து மார்க் போடக் கூடாது. அதை நான் எங்கேயும் அனுமதிக்க மாட்டேன்.

கடைமடை:
இந்த ஒன்றில் அக்கா பக்கம்தான் நான். வேதாரண்யத்துக்காரன் சொல்கிறேன், அந்த ராத்திரியை யாரும் பயிற்சித் தாளாக்க வேண்டாம்.

பழையாறை:
நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் பாலைவனக் கதை வைத்தார்கள், அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் விமானம் விழுந்துவிடுகிறது, இதுவும் 15 பொருள். அதில் நிபுணர் வரிசையில் முகம் பார்க்கும் கண்ணாடிதான் முதலிடம், தண்ணீர்கூட அதற்கு அப்புறம்தான். வெயிலைப் பிரதிபலித்தால் தேடி வருகிற விமானத்துக்கு வெகுதூரம் தெரியும் என்பதால். எங்கள் குழுவில் சண்டையே இல்லை. திசைகாட்டி, வரைபடம், தண்ணீர் என்று பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே மனதாக முடித்துவிட்டோம். ஏனென்றால் ஊரைப் பார்த்து நடக்கப் போகிறோம் என்று ஆளாளுக்கு மனதுக்குள் நினைத்துக்கொண்டோம். இருந்த இடத்திலேயே காத்திருப்பதா, நடப்பதா என்ற கேள்வியை ஒருவர்கூட எழுப்பவில்லை. அந்த வெயிலில் நடந்தால் செத்தோம்.

ஆகவே மேலவீதி அக்கா, யாருடைய குரல் அமுங்கியது என்று மட்டும் பார்த்தால் போதாது. எல்லோரும் சந்தோஷமாகச் சேர்ந்து தப்புப் பண்ணுகிற குழுவும் உண்டு, அங்கே அமுங்கிய குரலே இருக்காது.

மேலவீதி:
சரியான பேச்சு. ஹாலே இதைச் சொல்லியிருக்கிறார். சண்டை வேண்டாமே என்று விட்டுக்கொடுக்காதே, கை தூக்க வைத்து ஓட்டெடுப்பால் முடிக்காதே, சீக்கிரமாக எல்லோரும் ஒத்துப்போனால் சந்தேகப்படு, இவைதான் அவர் குழுக்களுக்குக் கொடுத்த விதிகள். அப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழுக்கள், சும்மா பேசவிட்ட குழுக்களைவிட நல்ல விடை கொண்டுவந்தன. நம் ஊரில் நடத்துகிறவர்கள் இந்த விதிகளை வாசிப்பதே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைமடை:
விதியை வாசித்தாலும் முதலாளி அதே மேசையில் உட்கார்ந்திருந்தால்? அவர் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் மேலே போகும், கீழே வரும். தீபாவளி போனஸ் அவர் கையில் இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்? சம்பளம், வேலைநேரம், யாருக்கு எவ்வளவு பாரம் என்பதை ஒழுங்காக வைக்காமல் பயிற்சி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எத்தனை விளக்கினாலும் இதில் நான் மாற மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
எங்கள் மண்டபத்தில் மேனேஜர் எங்கள் குழுவில்தான் இருந்தார். தனியாக எழுதும் பகுதியும் கிடையாது, நேரே குழுவாகவே ஆரம்பித்தார்கள். இப்போது இதையெல்லாம் படித்த பிறகும் ஸ்டோருக்கும் சர்வீஸுக்கும் உள்ள சண்டை இதனால் தீரும் என்று நான் நம்பவில்லை, அது சரக்கு இருப்புக் கணக்கை ஒரே இடத்தில் வைத்தால் தீரும். ஆனால் அடுத்த முறை கட்டாயம் நடத்துவோம் என்றால் மூன்று விஷயம் கேட்கப் போகிறேன்: மேனேஜர்கள் தனி மேசை, தனியாள் வரிசை முதலில், மார்க்குக்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரப் பேச்சு. ஞாயிறு கிடையாது, சம்பளம் உள்ள வேலை நாளில்தான். மேலவீதி, உங்களுக்கு நடத்திய ஆள் எந்த ஊர்? சம்பா வேலை சூடுபிடிப்பதற்குள் எங்கள் ஆட்களைப் பேசச் சொல்கிறேன்.