இரண்டாவது ஆட்டத்திலேயே பவுலிங் பந்து ஹெட்பின் மூக்கில் இடிக்கிறது: அடுத்து எந்தப் பந்து?

பெட்டாலிங் ஜெயாவில் புதன் இரவு பவுலிங் லீக் ஆடுகிறேன். முதல் ஆட்டம் 190 பக்கம் வரும், மூன்றாவது 140 தாண்டாது. ஆறு மாதமாக இதே கதை.

வலக்கை வீச்சு. பந்து 14 பவுண்டு ஸ்டார்ம் ஹை-ரோடு, வாங்கி ஒரு வருடம். என் வேகம் குறைவு, திரையில் மணிக்கு 23 கி.மீ.தான் காட்டும், சுழற்சியோ நிமிடத்துக்கு 350 பக்கம். கோளாறு அங்கேதான் என்று எனக்கே சந்தேகம். லேனில், அதாவது பந்து உருளும் பாதையில், 40 அடி ஹவுஸ் ஷாட் (அரங்கின் வழக்கமான எண்ணெய்ப் பூச்சு). ஒரு லேனுக்கு ஐந்து பேர் என்பதால் இரண்டாவது ஆட்டத்துக்குள் வலப்பக்க எண்ணெய் காய்ந்துவிடுகிறது. பந்து சீக்கிரமே திரும்பி முன்னால் நிற்கும் ஹெட்பின்னை நேராக இடிக்க, 4-6 ஸ்பிளிட் (இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு பின்கள்) மிச்சம்.

நிற்கும் இடத்தைத் தரையின் பலகைக் கோடுகளில் ஐந்து பலகை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். உள்ளே எண்ணெயில் விழுந்தால் வழுக்குகிறது, சற்று வெளியே போனால் வெடுக்கென்று வெட்டுகிறது. பந்துக்குப் பாலிஷ் போட்டேன், இரண்டு வாரம் தாங்கியது. வேகமாக வீசினால் தோள் இழுத்துக் குறி தப்புகிறது. ஸ்பேருக்கு (மிச்சம் நிற்கும் பின்களை அடிக்க) வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்தையே முதல் வீச்சுக்கும் போட்டேன். நேராகப் போகிறது, ஆனால் அடியில் வலுவில்லை, 10ஆம் பின் சிரித்துக்கொண்டு நிற்கும்!

பந்துக்குத் துளை போடுகிறவர் யூரித்தேன் (வெடுக்கென்று வெட்டாமல் சீராகத் திரும்பும் வகை) வாங்கு என்கிறார். அது எண்ணெயை லேனில் பின்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போகுமே என்று பயம். அணித் தோழர் பேர்ல் (முதலில் வழுக்கிப் போய் பிறகு திரும்பும் பளபளப்பான மேற்பரப்பு) என்கிறார்.

ஒரு பந்துக்குத்தான் காசு இருக்கிறது. இந்த வீச்சுக்கும் காய்ந்த லேனுக்கும் எது சரி: யூரித்தேனா, கோர் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி) வலு குறைந்த பேர்ல் ரியாக்டிவா (லேனை நன்றாகப் பிடிக்கும் பிசின் உறைப் பந்து)?