டிப்ளோமா கடைசி செமஸ்டரில் கோபோல் தேவையா?

கடைசி_செமஸ்டர்:
கோலாலம்பூரில் தனியார் கல்லூரி ஒன்றில் டிப்ளோமா படிக்கிறேன். இந்த செமஸ்டரில் 'உயர்நிலை வணிக நிரலாக்கம்' என்று ஒரு பாடம். பெயரைப் பார்த்து ஆசையாகப் போய் உட்கார்ந்தால் முழுக்க கோபோல். 1959-இல் உருவாக்கத் தொடங்கிய கணினி மொழி! ஒவ்வொரு வரியிலும் எழுத்துக் கட்டங்களை எண்ண வேண்டும்: ஏழாவது கட்டத்தில் நட்சத்திரம் போட்டால் குறிப்பு, எட்டில் பத்தித் தலைப்பு, பன்னிரண்டில்தான் கட்டளை தொடங்க வேண்டும். தேர்வில் இதையெல்லாம் கையால் எழுதச் சொல்கிறார்கள். "ராத்திரி முழுக்க கோபோலோடு மாரடிக்கிறேன்" என்று தோழியிடம் போனில் சொன்னது அம்மா காதில் விழுந்து, யார் அந்த கோபால் என்று வீட்டில் விசாரணை வேறு. வெள்ளிக்கிழமைக்குள் வேறு பாடத்துக்கு மாறலாம். மாறட்டுமா?

பாயான்_லெப்பாஸ்காரன்:
மாறிவிடுங்கள், தங்கச்சி. பினாங்கில் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஒரு நேர்காணலில்கூட என்னிடம் கோபோல் கேட்டதில்லை. ஜாவா மொழியும் தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல்லும் கேட்டிருக்கிறார்கள். கட்டம் எண்ணி எழுதுவது, நிரலை அட்டையில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுத்த துளையட்டைக் காலத்துத் தேவை. அதற்கு மதிப்பெண் போடுவது மாணவர் நேரத்தை வீணடிப்பது.

பழைய_துளையட்டை:
தம்பி, உங்களிடம் கேட்கவில்லை என்பதால் உலகத்தில் இல்லை என்று ஆகிவிடுமா? 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர், கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். வேலை இழந்தவர்களின் விண்ணப்பம் குவிந்து பழைய அமைப்பு திணறியது.

நான் வங்கியில் இதை வைத்துச் சோறு தின்றவன். பணத்தைத் தசமமாகவே வைத்துக் கணக்குப் போடும் மொழி இது. பைத்தான் மொழியில் சும்மா 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். வாடிக்கையாளர் கணக்கில் அந்த வாலை எங்கே ஒட்டுவது?

பாயான்_லெப்பாஸ்காரன்:
ஐயா, அந்த வாலை வெட்ட, தசமமாகவே கணக்குப் போடும் வசதி ஜாவாவில் பிக்டெசிமல் என்று இருக்கிறது, பைத்தானிலேயே டெசிமல் என்று இருக்கிறது. பணத்துக்கு ஃப்ளோட் (அந்த வால் வருகிற தோராய எண் வகை) போடுகிறவனை வேலையை விட்டு அனுப்பலாம், அதற்காக கோபோலைத் திரும்ப அழைக்க வேண்டாம். நியூ ஜெர்சி செய்தியும் எனக்குத்தான் சாதகம். பழையதை மாற்றாமல் வைத்திருந்ததால் வந்த வினை அது.

செந்தூல்_சம்பளக்கணக்கு:
இரண்டு பேரும் மொழியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறவள். போன வருடம் புதிதாக வந்த பையன், நல்ல கெட்டிக்காரன், புது மொழியெல்லாம் தெரியும். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு என்று நேராகப் பெருக்கிவிட்டான். 2,345 வெள்ளி சம்பளத்துக்கு 257.95 வந்தது. சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்த்தால் 260 வெள்ளி பிடிக்க வேண்டும். 2,340-ஐத் தாண்டி 2,360 வரைக்கும் ஒரே படி, அந்தப் படிக்கு 2,360-ஐ வைத்தே கணக்கு, அப்புறம் காசு வந்தால் அடுத்த வெள்ளிக்கு ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் திருத்தினோம். இதை எந்தப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

பாயான்_லெப்பாஸ்காரன்:
அக்கா சொன்னதுதான் உயர்நிலை வணிக நிரலாக்கம்! நம் மலேசியாவில் அரசு விதிக்கும் வரியைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1-இல் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) 6 விழுக்காடு. 2018 ஜூன் 1-இல் பூஜ்யம். அதே வருடம் செப்டம்பரில் அதற்குப் பதில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி). விகிதத்தையும் அது அமலாகும் தேதியையும் தனி அட்டவணையில் வைத்தவன் நிம்மதியாகத் தூங்கினான். நிரலுக்குள் 0.06 என்று நாற்பது இடத்தில் எழுதியவன் கதையைக் கேட்காதீர்கள் (அந்த நாற்பதில் சில என் கைவண்ணம்).

பழைய_துளையட்டை:
ஒப்புக்கொண்டீர்களே, அது போதும். ஆனால் கோபோலில் ஓர் எண்ணுக்கு எத்தனை தசம இடம் என்று முதலிலேயே எழுதாமல் ஓரடி நகர முடியாது. அந்தக் கண்டிப்பு பிள்ளைகளுக்கு நல்லது. முற்றுப்புள்ளியும் அப்படித்தான். ஒரு இஃப் (நிபந்தனைக் கட்டளை) நடுவில் தவறிப்போய் ஒரு புள்ளி வைத்தால், திறந்திருக்கிற எல்லா இஃப்பும் அங்கேயே மூடிக்கொள்ளும். 1985 தரத்தில் ஒவ்வொரு இஃப்பையும் தனித்தனியாக மூட எண்ட்-இஃப் வந்தபோதுதான் மூச்சு விட்டோம்.

பாயான்_லெப்பாஸ்காரன்:
ஒரு புள்ளிக்கு இவ்வளவு பயப்பட வேண்டிய மொழியை ஏன் ஐயா புகழ்கிறீர்கள்?

செந்தூல்_சம்பளக்கணக்கு:
சரி, தங்கச்சி எங்கே? கேள்வி கேட்டுவிட்டு ஆளைக் காணோம்.

கடைசி_செமஸ்டர்:
இங்கேதான் இருக்கிறேன் அக்கா. நேற்றிரவு கோபோல் நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் க்னூகோபோலை இறக்கி (இலவசம்தான்) எங்கள் ஒப்படைப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உணவகப் பில் 18.80, சேவை வரி 6 விழுக்காடு, ரொக்கம் என்பதால் கடைசியில் 5 காசுக்குச் சரிக்கட்ட வேண்டும். வரி 1.128. கோபோலில் 'ரவுண்டட்' என்று சொல்லாவிட்டால் மீதியை வெட்டிவிடுகிறது, 1.12 ஆகிறது. மொத்தம் 19.92, வாங்குவது 19.90. 'ரவுண்டட்' போட்டால் 1.13, மொத்தம் 19.93, வாங்குவது 19.95. ஒரு சொல்லுக்கு ஐந்து காசு.

விரிவுரையாளர் கொடுத்த மாதிரி விடையில் அந்தச் சொல் இல்லை.

பாயான்_லெப்பாஸ்காரன்:
பார்த்தீர்களா ஐயா, கண்டிப்பான மொழியின் லட்சணத்தை? சத்தமே போடாமல் வெட்டுகிறது.

பழைய_துளையட்டை:
வெட்டச் சொன்னால் வெட்டும், தம்பி. அம்மா, இரண்டு விடையையும் அச்செடுத்துக்கொண்டு போய் வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் காட்டு. எல்லார் முன்னாலும் வேண்டாம்.

கடைசி_செமஸ்டர்:
வியாழக்கிழமை வகுப்பு. அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு, மாறும் படிவத்தை நிரப்புவதா கிழிப்பதா என்று முடிவு செய்கிறேன்.