ஆண்கள் ஓட்டப் பயிற்சிக்குக் கில்ட் அணிவது நடைமுறையில் சரிவருமா?

லீத்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வசிக்கிறேன். வார இறுதிகளில் லீத் ஆற்றங்கரைப் பாதையிலும் போர்ட்டபெல்லோ கடற்கரையிலும் நீண்ட தூரம் ஓடுவது வழக்கம். ஓட்டம் அரை மாரத்தான் தூரத்தை நெருங்கும்போதெல்லாம் ஷார்ட்ஸ் தொடை இடுக்கில் ஏறிச் சுருண்டு, உரசி, புண்ணாக்கிவிடுகிறது. வாஸலின் தடவினால் சிறிது நேரம் தாங்குகிறது. வியர்வையோடு மழையும் சேர்ந்துவிட்டால் அதுவும் பயன்படுவதில்லை. உடலோடு ஒட்டிய டைட்ஸை மட்டும் அணிந்து பொதுவழியில் ஓட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த ஊரில் நிதி திரட்டும் ஓட்டங்களிலும் நடைகளிலும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் மரபாக உடுத்தும், கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை) அணிந்து வரும் ஆண்களை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே ஷார்ட்ஸ் வைத்துத் தைத்த ஓட்டப் பாவாடைகள் பெண்களுக்கு எல்லா விளையாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன; என் மனைவி அவற்றைத்தான் விரும்பி அணிகிறார். ஒருநாள் வேடிக்கைக்காக அல்லாமல், அன்றாடப் பயிற்சிக்கே ஓர் ஆண் இப்படிப்பட்ட உடையை அணிந்தால் உராய்வு உண்மையிலேயே குறையுமா? போட்டியில் கலந்துகொண்டால் விதிகள் தடுக்குமா? என்ன துணியில், எவ்வளவு நீளத்தில் வாங்க வேண்டும்? அணிந்து ஓடிப் பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

குன்றேறி எழுதுகிறார்:

முதலில் உராய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் புண் ஷார்ட்ஸின் தையலால் வருகிறதா, தொடையும் தொடையும் உரசுவதால் வருகிறதா என்பதை ஓடி முடித்ததும் நீங்களே பாருங்கள். தையல் படும் இடத்தில் மட்டும் கோடாகச் சிவந்திருந்தால் வேறு ஷார்ட்ஸ் வாங்கினாலே போதும். உட்தொடை அகலமாகச் சிவந்திருந்தால் அது தோலோடு தோல் உரசிய புண். அதைக் கில்ட் தீர்க்காது. உள்ளே ஒன்றும் அணியாமல் ஓடினால் புண் இன்னும் கூடும், ஏனென்றால் ஷார்ட்ஸின் துணியாவது இரண்டு தொடைகளுக்கும் நடுவே தடுப்பாக இருந்தது. கில்ட்டில் அதுவும் இல்லை.

ஆகவே தொடையின் பாதிவரை இறங்கும், தட்டையான தையல் கொண்ட, இறுக்கமான உள் ஷார்ட்ஸ் கட்டாயம் வேண்டும். உங்கள் தோலைக் காப்பது அதுதான். அதன்மேல் அணியும் கில்ட் நீங்கள் சொன்ன கூச்சத்தைப் போக்கும், காற்றோட்டம் தரும், எட்டி வைக்கும் காலைத் தடுக்காது. இரண்டுக்கும் உரிய வேலை வேறு என்று தெரிந்து வாங்குபவர் ஏமாற மாட்டார். ஸ்காட்லாந்தின் மரபு விளையாட்டுகளான ஹைலண்ட் விளையாட்டுகளில் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள மரத்தண்டைத் தூக்கி எறியும் வீரர்கள் கில்ட் அணிந்தே களமிறங்க வேண்டும் என்பது மரபு. அவர்களிலும் பலர் உள்ளே இறுக்கமான ஷார்ட்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். கில்ட்டுக்குள் ஒன்றும் அணியக் கூடாது என்ற பேச்சை மதுக்கடையோடு விட்டுவிடுங்கள்.

கில்ட்டில் ஓடுவது நேற்று வந்த விளையாட்டுத்தனம் அல்ல. 1850 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பிரேமார் ஊரில் நடந்த விளையாட்டு விழாவைக் கண்ட விக்டோரியா அரசி, பதினெட்டுப் பத்தொன்பது பேர் வெள்ளைச் சட்டையும் பல நிறக் கில்ட்டுகளுமாகக் குன்றின்மீது ஏறி ஓடிய அழகைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். விளையாட்டுக்காக மேலங்கியைத்தான் அவர்கள் கழற்றினார்கள், கில்ட்டை அல்ல. வென்றவர் அரசியின் வேட்டைப் பணியாளரான டங்கன். அவருக்கு ஆறரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பின் அவர் இரத்தம் துப்பினார் என்றும், பழைய வலிமை அவருக்குத் திரும்பவில்லை என்றும், அதனால் அந்தக் குன்றோட்டமே நிறுத்தப்பட்டது என்றும் அரசி சேர்த்து எழுதியிருக்கிறார். அதற்கு உடை காரணமல்ல. செங்குத்தான குன்றும் பயிற்சியில்லாத வேகமும்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

விதிகளைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். உடை தூய்மையாகவும் பிறர் முகம் சுளிக்காதவாறும் இருக்க வேண்டும், நனைந்தாலும் உள்ளே இருப்பது தெரியக் கூடாது, நடுவர்களின் பார்வைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பவையே உலகத் தடகள அமைப்பு உடையைப் பற்றி வைத்திருக்கும் முக்கிய நிபந்தனைகள். ஆணின் உடை இரண்டு காலாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நடைப் போட்டியில் மட்டும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் முழங்கால் நிமிர்ந்திருக்கிறதா என்பதை நடுவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். நீண்ட மலையோட்டங்களில் நீர் புகாத முழுக்கால்சட்டையைப் பையில் எடுத்துவரச் சொல்வார்கள். கில்ட் அதற்கு ஈடாகாது.

தையற்கூடம் எழுதுகிறார்:

துணி வெட்டித் தைப்பது என் தொழில் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருமணத்துக்கும் விழாவுக்கும் அணியும் முழுக் கில்ட்டை வாங்கிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு எட்டுக் கஜம், அதாவது ஏழு மீட்டருக்கும் மேல் கம்பளித் துணி செல்கிறது. கனமான துணியாக இருந்தால் எடை இரண்டு கிலோவை நெருங்கும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது என்பதால், எடின்பரோ மழையில் அது மேலும் கனத்துப் பின்தொடையில் அடித்துக்கொண்டே வரும். அது தொப்புள் உயரத்தில் தோல்வார் போட்டு இறுக்கிக் கட்டும் உடை. ஆழமாக மூச்சு வாங்கும்போது அந்த இறுக்கமே தொல்லையாகிவிடும்.

ஓடுவதற்குப் பாலியெஸ்டர் அல்லது பாலியெஸ்டர் மிகுந்த கலப்புத் துணி நல்லது. எடை குறைவு, விரைவில் உலரும் என்பவற்றைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. பாலியெஸ்டர் சூட்டுக்கு இளகி, ஆறும்போது கொடுத்த வடிவத்தில் நின்றுவிடும் இழை. ஆகவே சூடாக்கி அழுத்திய கொசுவம் எத்தனை முறை துவைத்தாலும் கலைவதில்லை. பருத்தியில் வைத்த கொசுவம் ஒரே துவையலில் போய்விடும், பிறகு ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொசுவம் பின்பக்கம் மட்டும் இருக்கட்டும். முன்பக்கத்தின் இரண்டு தட்டையான மடிப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறி வரட்டும். அந்த ஏற்றம் போதாவிட்டால் போர்ட்டபெல்லோ கடற்காற்று உங்களை நிம்மதியாக ஓட விடாது.

நீளம் முழங்காலுக்கு மேல் நான்கு விரற்கடை நிற்க வேண்டும். முழங்காலைத் தொட்டால் ஒவ்வோர் எட்டிலும் துணி முட்டியில் தடுக்கும். மலையேற்றத்தில் அது மிகவும் எரிச்சலூட்டும். இடுப்புப்பட்டி எலாஸ்டிக்காகவோ அகலமான வெல்க்ரோவாகவோ இருக்கலாம். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் தோலைத் தொடாதபடி வெளியே பார்த்துத் தைத்திருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். உள் ஷார்ட்ஸைக் கில்ட்டோடு சேர்த்துத் தைத்ததாக வாங்காமல் தனியாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வியர்வையில் முதலில் நைந்துபோவது உள்ளுடைதான். அதற்காக நல்ல கில்ட்டையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை. கைபேசிக்குப் பக்கவாட்டுப் பை வைத்தவையும் விற்கிறார்கள், ஆனால் எடை ஒரு பக்கம் இழுத்துக் கில்ட்டையே சுழற்றிவிடும் என்பதால் கைபேசியை இடுப்புவாரில் வைத்துக்கொள்வதே மேல்.

அடையாறு அதிகாலை எழுதுகிறார்:

நான் சென்னையில் ஓடுபவன். மேலே எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கால் பிரியாத ஆடையை ஆண்கள் அன்றாடம் உடுத்தும் ஊர்களைப் பாருங்கள். உடல் வருத்தும் வேலை வந்தவுடன் அவர்கள் முதலில் செய்வது அந்த ஆடையை இரண்டு காலாக்குவதுதான். நம்மூரில் வயலில் இறங்கவும் சிலம்பம் சுற்றவும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவார்கள். மியன்மாரில் லோஞ்சி உடுத்திய இளைஞர்கள் சின்லோன் பந்தாட்டத்துக்கு அதைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகிக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த ஆடைகளோடு வாழ்ந்தவர்களே ஓடும்போது வேறு விதமாக உடுத்தினார்கள் என்றால், அதில் காரணம் இல்லாமலா இருக்கும்?

இன்னொன்று, நீங்கள் உள்ளே இறுக்கமான ஷார்ட்ஸ் கட்டாயம் என்கிறீர்கள். அப்படியானால் அதன்மேல் சாதாரண தளர்வான ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டால் போதாதா? எங்கள் ஊர் ஈரக்காற்றில் உடம்பில் ஒரு முழம் துணி கூடுவதும் சுமைதான். ஊரார் பார்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றம் வேட்டி உடுத்தி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தபோது ஊரே கொதித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. அந்த ஊரிலேயே கடற்கரைச் சாலையில் கொசுவம் வைத்த அரைப்பாவாடையோடு ஓர் ஆண் ஓடினால் நாய் முதல் நாயர் கடைக்காரர் வரை திரும்பிப் பார்ப்பார்கள் என்பதே என் கணிப்பு.

மெல்லோட்டம் எழுதுகிறார்:

அடையாறு நண்பர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சரியானவை, ஆனால் அவற்றிலிருந்து அவர் வரும் முடிவு சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வேட்டியையும் லோஞ்சியையும் எங்கள் ஊரில் சாரம் எனப்படும் கைலியையும் இழுத்துச் செருகுவது அவை கணுக்கால்வரை இறங்குவதால்தான். கணுக்கால் ஆடை எட்டு வைக்க விடாது. முழங்காலுக்கு மேல் நிற்கும் கொசுவ ஆடைக்கு அந்தத் தேவையே இல்லை. அதற்கும் கீழே இறங்கும் பாவாடையில்கூட ஓட முடியும் என்பதற்கு மெக்சிகோவின் ராராமுரி மக்களைப் பார்க்கலாம். அந்த இனத்தைச் சேர்ந்த லொரெனா ராமிரெஸ் 2017-இல் புயெப்லா மாநிலத்தில் நடந்த 50 கிலோமீட்டர் மலையோட்டத்தில் தம் வழக்கமான பாவாடையோடும் செருப்போடும் ஓடிப் பெண்கள் பிரிவில் வென்றார். 2023-இல் மான்செஸ்டர் மாரத்தானை ஒடிசாவைப் பூர்வீகமாகக் கொண்ட பெண் ஒருவர் சம்பல்புரிச் சேலையிலேயே ஓடி முடித்தார். இருவரும் பெண்கள்தானே என்று கேட்கலாம். தொடைக்கும் முட்டிக்கும் அந்த வேறுபாடு தெரியாது.

பெண்களுக்கான ஓட்டப் பாவாடையும் முதலில் ஏளனத்தைச் சந்தித்த உடைதான். அமெரிக்க வீராங்கனை நிக்கோல் டிபூம் 2004-இல் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த விஸ்கான்சின் அயர்ன்மேன் போட்டியில் தாமே உருவாக்கிய பாவாடையை அணிந்து ஓடிப் பெண்களில் முதலிடம் பெற்று, அதையே தொழிலாகவும் தொடங்கினார். இன்று அதை யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. ஆண்களைப் பொறுத்தவரை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பெர்த் நகரில் கில்ட் ஓட்டம் என்றே தனி விழா நடக்கிறது. தளர்வான ஷார்ட்ஸ் போதாதா என்ற கேள்விக்கு, போதும் என்பவர்களுக்குப் போதும் என்பதே என் பதில். கேட்டவருக்குத் துணி இடுக்கில் ஏறிச் சுருள்வதுதானே முதல் தொல்லை? இரண்டு காலுள்ள எந்தத் தளர்வான ஆடையிலும் அது ஓரளவு நடக்கும். காலே இல்லாத ஆடையில் ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கில்ட் அணிந்தால் ஆண்மை வளரும் என்று சில விற்பனையாளர்கள் கதை கட்டுகிறார்கள். விரைகள் உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பத்தில் நன்றாக இயங்கும் என்பது உண்மை. அதை வைத்து, கில்ட் அணிவோரின் விந்து வளம் மேம்படக்கூடும் என்ற கருத்தை 2013-இல் ராட்டர்டாம் ஆய்வாளர் ஒருவர் ஸ்காட்லாந்து மருத்துவ இதழில் முன்வைத்தார். அது முன்பே வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுப்பிய ஊகம்; கில்ட் அணிவித்து அளந்து பார்த்த சோதனை அல்ல. உள்ளே இறுக்கமான ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளும் நமக்கு எப்படியும் அது பொருந்தாது.

லீத்வாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. நான் பார்த்தவரை என் புண் தையல் ஓடும் இடத்திலும் இருக்கிறது, அதற்கு மேலேயும் பரவியிருக்கிறது; எனவே உள் ஷார்ட்ஸை முதலில் வாங்கி அதை மட்டும் அணிந்து இருட்டு விலகும் முன் ஓடிப் பார்த்துவிட்டு, பிறகு கில்ட்டுக்குச் செல்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்திலும் அதையே அணியலாமா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

குன்றேறி எழுதுகிறார்:

பெரும்பாலான பயிற்சிகளுக்கு அணியலாம். குந்தி எழும் பயிற்சிக்கு ஷார்ட்ஸைவிட வசதியாகவே இருக்கும். தரையிலிருந்து பளுவைத் தூக்கும் டெட்லிஃப்ட்டுக்கு மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். கம்பி தொடையை ஒட்டி மேலே வரும்போது முன்மடிப்பின் ஓரம் அதில் மாட்டிக்கொண்டு கூடவே ஏறும், கையில் பளு இருக்கும்போது அதை விடுவிக்க முடியாது. கம்பியில் தலைகீழாகத் தொங்கும் பயிற்சிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மிதிவண்டியில் ஏறுவதானால் பின்கொசுவத்தை இருக்கையின் மேல் விரித்து அதன்மீது உட்காருங்கள், தொங்கவிட்டால் சக்கரம் இழுத்துக்கொள்ளும்.