ஒரு அணையில் சேர்த்த அளவு எல்லா அணையிலும் வருது, எண்ணிக்கை மட்டும் ஏறலை: ஏன்?

பாளை_மாணவி:
பைத்தானில் ‘அணை’ என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் அச்சு). பாபநாசம் (143 அடி), சேர்வலாறு (156), மணிமுத்தாறு (118) என மூன்று ஆப்ஜெக்ட். கிளாஸ் வரிக்கு நேர் கீழே, எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல், ‘பதிவுகள்’ என்று ஒரு காலி லிஸ்ட், அடுத்து ‘எண்ணிக்கை = 0’. பாபநாசத்தின் நீர்மட்டத்தை அந்த லிஸ்ட்டில் அப்பென்ட் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) மணிமுத்தாறிலும் அது வந்து நிற்கிறது. ஆனால் இனிட்டுக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) ‘செல்ஃப்.எண்ணிக்கை += 1’ எழுதியும் ‘அணை.எண்ணிக்கை’ 0 தான். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க, ஏன் இப்படி?

வண்ணாரப்பேட்டை_கோடர்:
தங்கச்சி, படிப்பது வேறு, எழுதுவது வேறு. ‘செல்ஃப்’ என்றால் அந்த ஆப்ஜெக்ட். ‘செல்ஃப்.பெயர்’ என்று படிக்கும்போது பைத்தான் முதலில் ஆப்ஜெக்ட்டுக்குள் தேடும். இல்லையென்றால் கிளாஸ், பிறகு தாய் கிளாஸ். எழுதும்போது தேடாது, நேராக ஆப்ஜெக்ட்டில் வைத்துவிடும். ஆகவே += கிளாஸில் இருந்த 0-வைப் படித்து, 1-ஐ ஆப்ஜெக்ட்டில் எழுதிவிட்டது. மூன்று அணையிலும் தனித்தனி 1, கிளாஸில் பழைய 0. ‘அணை.எண்ணிக்கை += 1’ என்று கிளாஸ் பெயரைச் சொல்லியே எழுதுங்க.

அப்பென்ட்டில் ‘செல்ஃப்.பதிவுகள்’ என்ற பெயருக்கு எதையும் எழுதுவதே இல்லை. கிளாஸில் கிடைத்த அதே லிஸ்ட்டுக்குள் சேர்க்கிறது, அவ்வளவுதான். ‘செல்ஃப்.பதிவுகள் = [ ]’ என்ற வரியை இனிட்டுக்குள் போட்டால் ஆளுக்கொரு லிஸ்ட். இனிட்டின் அடைப்புக்குறிக்குள் ‘பதிவுகள்=[ ]’ என்று டீஃபால்ட் கொடுத்துவிடாதீங்க. அந்த லிஸ்ட் ஒரே ஒருமுறைதான் உருவாகும், பழைய தொல்லையே திரும்ப வரும். டேட்டாகிளாஸ் (இனிட்டைத் தானே எழுதிக்கொள்ளும் கிளாஸ் வகை) என்றால் காலி லிஸ்ட்டை டீஃபால்ட்டாக வைத்ததுமே எரர் கொடுத்து நிறுத்திவிடும். அது நல்ல குணம்.

கிளாஸிலேயே இருக்க வேண்டியது மாறாத எண்: ஒரு கனஅடி = 0.0283168 கனமீட்டர் மாதிரி.

ஜாவாக்காரர்:
மேலே சொன்னது பைத்தானுக்கு. ஜாவாவில் ஸ்டேட்டிக் வேரியபிளை (கிளாஸுக்குச் சொந்தமான வேரியபிள்) எந்த ஆப்ஜெக்ட் வழியாக மாற்றினாலும் மாறுவது அந்த ஒன்றே. சி++-ல் ஸ்டேட்டிக் மெம்பரைக் கிளாஸுக்கு வெளியே ஒருமுறை டிஃபைன் செய்யாவிட்டால் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் புரோகிராம்) எரர் கொடுக்கும். சி++17 முதல் ‘இன்லைன்’ போட்டால் உள்ளேயே முடிந்துவிடும்.

சேரன்மாதேவி_47:
எல்லாருக்கும் பொது, ஆளுக்குத் தனி என்ற இரண்டோடு நிறுத்தினால் உங்க அணைகளுக்கே பத்தாது. பாபநாசத்தையும் சேர்வலாறையும் சுரங்கக் கால்வாய் இணைக்கிறது, மணிமுத்தாறுக்கு அதில் பங்கில்லை. அதைக் கிளாஸ் வேரியபிள் ஆக்கினால் மணிமுத்தாறும் அதில் தண்ணீர் எடுக்கும். ‘சுரங்கம்’ என்று தனி கிளாஸ் எழுதி, ஒரே ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதையே அந்த இரண்டு அணையின் இனிட்டுக்கும் கொடுங்க. மணிமுத்தாறுக்கு ‘நன்’ (None, அதாவது எதுவும் இல்லை) கொடுங்க. டெஸ்ட் எழுதும்போதும் இதுதான் வசதி: ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதுச் சுரங்கம், முந்தைய டெஸ்ட்டின் மிச்சம் ஒட்டாது.

இன்னொன்று. நாளைக்குச் சுத்தமல்லி அணைக்கட்டைச் சேர்க்க ‘அணைக்கட்டு’ என்று சப்கிளாஸ் (‘அணை’யைத் தாயாகக் கொண்ட கிளாஸ்) எழுதுவீங்க. அப்போது எண்ணிக்கையை ‘டைப்(செல்ஃப்)’ (அந்த ஆப்ஜெக்ட்டின் சொந்தக் கிளாஸ்) வழியாக ஏற்றினால் சப்கிளாஸுக்குத் தனி எண்ணிக்கை முளைத்துவிடும். மொத்தக் கணக்கு வேண்டுமென்றால் ‘அணை’ என்றே எழுதணும்.

பாளை_மாணவி:
புரிந்தது அண்ணாச்சி, சரியாகிவிட்டது. இதையே ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) போட்டு, கன்னிகார்ன் சர்வரில் 4 வொர்க்கர் ஓட்டினால் கிளாஸ் வேரியபிள் பொதுவாக இருக்குமா?

வண்ணாரப்பேட்டை_கோடர்:
இருக்காது. வொர்க்கர் ஒவ்வொன்றும் தனி பிராசஸ், ஒவ்வொன்றிலும் கிளாஸின் தனி நகல். ஒரு ரிக்வெஸ்ட்டில் ஏற்றிய நீர்மட்டம் அடுத்த ரிக்வெஸ்ட் வேறு வொர்க்கருக்குப் போனால் தெரியாது, ரீஸ்டார்ட் ஆனால் மொத்தமும் போச்சு. நீர்மட்டப் பதிவை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் டேபிளில் வையுங்க. ஒரே பிராசஸில் பல த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஓட்டினாலும் += பாதுகாப்பில்லை: படித்து, கூட்டி, எழுதுவதற்குள் இன்னொரு த்ரெட் புகுந்தால் ஒரு எண்ணிக்கை விழுங்கப்படும். த்ரெடிங் மாட்யூலின் லாக்கை (பூட்டை) ‘வித்’ போட்டுப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஏற்றுங்க. அந்த லாக்கும் கிளாஸில் ஒன்றே ஒன்றாக இருக்கணும். இனிட்டுக்குள் உருவாக்கினால் ஆளுக்கொரு பூட்டு, எதையும் தடுக்காது.